சவப்பெட்டிக் கடையில் முதல் வியாபாரம்

உதியன்குளங்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில், எங்கள் முக்கில் இருக்கிற கடைகளில் பத்தை ஆரம்பித்து வைத்தவன் நான்.

பொய். ஒரு கடைக்குக்கூட நான் செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை. ரிப்பன் வெட்டுகிற கத்திரியை என் கையில் தர யாருக்கும் தோன்றியதுமில்லை. கடை திறக்கிற அன்று முதல் ஆளாக உள்ளே போய் ஏதாவது ஒரு சாமான் வாங்குவேன். அவ்வளவுதான் நான் செய்தது. அந்த முதல் வியாபாரத்துக்கு எங்கள் பக்கம் கைநீட்டம் என்று பேர். கைநீட்டம் செய்கிறவனின் கை நல்ல கையாக இருந்தால் கடை ஓடும் என்று ஒரு நம்பிக்கை. என் கை நல்ல கை என்று ஊர் நம்பியது. நான் மறுக்கவில்லை. நாலாம் கிளாஸில் மூன்று வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவனிடம் நல்லதாக ஒன்று இருக்கிறது என்று நாலு பேர் சொல்லும்போது எதற்கு மறுக்க வேண்டும்? பத்து என்பதும் கூடுதல். ஏழு.

இப்போது முக்கில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் செல்போன் கடையும் பேக்கரியும்தான். நான் சைக்கிளில் வாழைக்குலை கட்டிக்கொண்டு பெருங்கடவிளைச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் அங்கே இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று சாயாக்கடை. அதற்கு எதிரே, புளியமரத்தடியில் ஒரு நாற்காலியும் ஒரு கண்ணாடியும் வைத்து முடிவெட்டுகிற ஒருவர். கண்ணாடி உடைந்து பாதிதான் மிச்சம். அதனால் இடது காதுப் பக்கம் என்ன நடந்தது என்பது வீட்டுக்குப் போனபிறகுதான் தெரியும். துணி எடுக்க நெய்யாற்றின்கரைக்குப் போகணும். காய்ச்சல் மாத்திரைக்குப் பாறசாலைக்குப் போகணும். பஸ் வருவதற்குள் பாதிக் காய்ச்சல் தானே இறங்கிவிடும்.

முக்கில் வந்த முதல் பெரிய கடை துணிக்கடை. நடத்தியவர் ஒரு பிள்ளைமார் வீட்டுப் பையன். அப்பாவும் தாத்தாவும் தாலுகா கச்சேரியில் குமஸ்தாவாக இருந்தவர்கள். பேனா பிடித்த வீட்டில் ஒருவன் முழக்கோல் பிடிக்கிறானே என்று சொந்தக்காரர்கள் யாரும் திறப்பு விழாவுக்கு வரவில்லை. வந்தது மழை மட்டும்தான். அன்றைக்கு நான் இரண்டு ஏத்தங்குலையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்த வழியாக வந்தேன். மழை வலுத்ததும் திறந்திருந்த இடத்துக்குள் ஓடினேன். அது கடை என்றே எனக்குத் தெரியாது. ஊதுபத்தி வாசனை வந்ததால் ஏதோ பூஜை நடக்கிறது என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வழிந்தது. எதிரில் மடித்து வைத்திருந்த ஒரு துவர்த்துத் துண்டை எடுத்துத் தலையையும் முகத்தையும் துடைத்தேன். அதில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் அது கடை என்று தெரிந்தது.

முதலாளி என்னையும் துவர்த்தையும் பார்த்தார். துவர்த்தில் வாழைக்கறை. நல்ல நேரம் முடிய அஞ்சு நிமிஷம்தான் இருக்கிறது, வாங்கிக்கோ என்று கையைப் பிடித்துக் கேட்டார். வாங்கினேன். மறுவாரம் அதியன்னூரிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்து பாதிக் கடையை அள்ளிக்கொண்டு போனது. அதற்குக் காரணம் பஸ் நிற்கிற இடத்தை அந்தக் கடைக்கு நேராக மாற்றியதுதான். எனக்கு அது தெரியும். டிரைவர்களுக்கும் தெரியும். ஆனால் ஊர் ஒரு பஸ்ஸைவிட என் கையைத்தான் நம்பியது.

அதன் பிறகு யார் கடை போட்டாலும் ஆள் அனுப்புவார்கள். இங்கிலீஷ் மருந்துக்கடை வந்தது. மிஷன் கோயில் குடும்பத்துக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு வந்து போட்டது. சீக்கு ஒன்றும் இல்லாதவன் மருந்துக்கடையில் என்ன வாங்குவான்? வாசனை நன்றாக இருந்ததால் ஒரு வயிற்றுப் பூச்சி மருந்து வாங்கி, வழியிலேயே முழுவதையும் குடித்தேன். அன்றைக்குச் சந்தையில் குலையை விற்றது யாரோ. நான் சந்தைக்குப் பின்னால் இருந்தேன். போட்டோ ஸ்டுடியோ வந்தது. கோட்டுப் போட்டு உட்கார வைத்தார்கள். கோட்டு முன்பக்கம் மட்டும்தான், பின்னால் நாடா. ஃபேன்ஸி கடை வந்தது. கல்யாணமாகாத நான் ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கினேன். யாருக்கு என்று ஊரே கேட்டது. எனக்கே தெரியவில்லை. பிறகு பெண் பார்க்கப் போனபோது அதைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அளவு சரியாக இருந்தது. கை சரியாக இருந்தது, வாங்கினவன்தான் சரியில்லை என்று என் பெண்டாட்டி இன்றைக்கும் சொல்லுவாள்.

எனக்குக் கல்யாணமான சமயத்தில்தான் என் கூட்டாளி கடை போடத் தீர்மானித்தான்.

அவன் மரவேலைக்காரன். நெய்யாற்றின்கரையில் ஒரு பட்டறையில் பத்துப் பன்னிரண்டு வருஷம் வேலை செய்தவன். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் சாவு நடந்தால் அப்போது பெட்டி வாங்க முடியாது. மரவேலைக்காரனை வீட்டுக்கே கூப்பிடுவார்கள். அவன் வந்து அளவு எடுத்து, முற்றத்தில் பலகை அறுத்து, அங்கேயே அடிப்பான். உள்ளே ஒப்பாரி, வெளியே சுத்தியல். அப்படித்தான் வழக்கம். ஆள் இருக்கும்போதே பெட்டி செய்வது தப்பு, செய்து வைத்த பெட்டி ஆளைத் தேடும் என்பார்கள்.

ஒரு மழை நாளில் ஒரு வீட்டில் அவன் அப்படி அடித்திருக்கிறான். செத்தது சின்ன வயதுக்காரன். பலகை நனைந்து ஆணி இறங்கவில்லை. காலையில் தொடங்கியது சாயங்காலம்தான் முடிந்தது. மறுநாள் என்னிடம் வந்து சொன்னான்.

“நான் ஒவ்வொரு ஆணி அடிக்கும்போதும் அவனுக்க அம்மை உள்ள இருந்து ஒரு சத்தம் போட்டா மக்கா. நான் நிறுத்தினா அவளும் நிறுத்துவா. திருப்பி அடிச்சா திருப்பியும் கரைவா. எனக்கு இனி முற்றத்தில அடிக்க ஒக்காது.”

அதனால் பெட்டியைச் செய்து வைத்தே விற்பது என்று முடிவு செய்தான். பட்டறை வேலையை விட்டான். பட்டறை முதலாளி சிரித்துவிட்டு, நீ போ, உன் இடத்தில் வேறு ஆளை ஓணம் வரைக்கும் போடமாட்டேன், அதற்குள் வந்துவிடுவாய் என்றாராம். துணிக்கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு அறை எடுத்தான். மாம்பலகையில் நாலு பெட்டி செய்தான். கறுப்புத் துணி ஒட்டி, மேலே வெள்ளையில் குருசு. இரண்டு பெரிது, ஒன்று நடுத்தரம், ஒன்று சின்னது. சின்னதை மட்டும் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான்.

பிறகு என்னிடம் வந்தான். கைநீட்டம் நான்தான் செய்யணும் என்றான். அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள். ஓணத்துக்குள் கடை ஓடாவிட்டால் திரும்பவும் அந்தச் சிரிப்புக்குக் கீழே போய் உளி பிடிக்கணும், திரும்பவும் முற்றங்களில் ஆணி அடிக்கணும். அவன் என்னை நம்பியது போல என் அம்மாகூட நம்பியதில்லை. சரி என்றேன்.

சரி என்று சொன்ன செய்தி சாயாக்கடைக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நான் போய் உட்கார்ந்ததும் சாயாக்கடைக்காரர் கிளாஸை என் முன்னால் வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“எலே, நீ துணிக்கடையில கைநீட்டம் செய்தே. துணி ஓடிச்சு. மருந்துக்கடையில செய்தே. மருந்து ஓடிச்சு. இப்பம் பெட்டிக்குச் செய்யப் போறே. பெட்டி ஓடணும்னா ஊரில என்ன நடக்கணும்? நீயே சொல்லு.”

அதுவரைக்கும் நான் அப்படி யோசிக்கவே இல்லை. யோசிக்கிற வேலையை நான் பொதுவாக மற்றவர்களுக்கு விட்டுவிடுவேன். சுற்றிப் பார்த்தேன். பெஞ்சில் இருந்த வயசாளிகள் எல்லாரும் என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கையை மடிக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டுக்கு ஆள் வர ஆரம்பித்தது. போஸ்ட்மேனாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டா உண்டு. இழுப்புக்காரர். எங்கள் வீட்டு ஏற்றத்தில் நாலு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். மகளின் கல்யாணம் தை மாதம்தான், அதுவரைக்கும் நான் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். ஒருவர் ரப்பர் வெட்டு தொடங்கட்டும் என்றார். இன்னொருவர் வழக்குத் தீர்ப்பாகட்டும் என்றார். சாகிறதுக்கு யாருக்கும் அந்த வருஷம் சௌகரியப்படவில்லை. மிஷன் கோயில் உபதேசியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கைராசி பார்ப்பது அஞ்ஞானம் என்று கையை வீசிப் பேசினார். ஆராதனை முடிந்ததும் என்னை மாட்டுக்கொட்டகைப் பக்கம் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், எதற்கும் நீ போகாமலிருப்பது நல்லது என்றார்.

ஒரே வழி, உண்மையைச் சொல்வது. சாயாக்கடையில் எழுந்து நின்று சொன்னேன். என் கையில் ஒன்றும் இல்லை, துணிக்கடை ஓடியது பஸ்ஸால், மருந்துக்கடை ஓடியது காய்ச்சலால். உதியன்குளங்கரையில் ஒரு குடைக்கடைக்கும் கைநீட்டம் செய்தேன், அது இரண்டே மாதத்தில் மூடிப்போயிற்று, ஆறு மாதம் மழை பெய்கிற ஊரில் குடைக்கடை மூடியிருக்கிறது என்றால் என் கையின் யோக்கியதையைப் பாருங்கள். இதையெல்லாம் மானத்தை விட்டுச் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். கூட்டாளிக்காகப் பொய் சொல்லுகிறான், நல்ல மனசு என்று ஒருவர் என் சாயாவுக்குக் காசு கொடுத்தார். நான் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அது. அதைத்தான் யாரும் நம்பவில்லை.

வழி சொன்னது என் பெண்டாட்டி. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வாங்கணும்னா வாங்குங்க. அதுல படுக்கப்போறது யாருன்னு முதல்லயே சொல்லிட்டு வாங்குங்க. பிறவு ஊருக்கு என்ன பயம்?”

அவள் சும்மா சொன்னாளா, சொல்ல வேண்டியதைச் சொன்னாளா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் உண்டு.

கடை திறந்த அன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் சாயாக்கடை வாசலில் ஊரே நின்றது. இந்தப் பக்கம் கூட்டாளியும் அவன் பெண்டாட்டியும் உபதேசியாரும்தான். உபதேசியார் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபம் செய்தார். நான் ரோட்டைக் கடந்து உள்ளே போனேன். சாமான் வாங்க வருகிறவனிடம் கேட்க வேண்டியதைக் கூட்டாளி முறைப்படி கேட்டான்.

“யாருக்காக்கும்?”

“எனக்காக்கும்,” என்றேன். எதிர்ப்பக்கம் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

அவன் காதிலிருந்த பென்சிலை எடுத்து, டேப்பை இழுத்து, என்னைச் சுவரோடு நிற்க வைத்து அளந்தான். நான் வயிற்றை உள்ளே இழுத்தேன். சும்மா நில்லு, அதெல்லாம் அந்த நேரத்தில் தானே உள்ளே போகும் என்று மெதுவாகச் சொன்னான். பெரியதில் ஒன்று எனக்குச் சரியாக இருந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது. அத்தனை பேர் சேர்ந்து விட்டது.

வாழைக்குலை கட்டுகிற மாதிரியே பெட்டியைச் சைக்கிளின் பின்னால் குறுக்கே வைத்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு உருட்டினேன். வழியில் ஒவ்வொரு வீட்டுக் கதவாகச் சாத்தினார்கள். பெட்டியைச் சும்மா வைத்து என்ன செய்ய? குலையைப் பழுக்க வைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. காற்றுப் புகாத மூடி. பாளையங்கோட்டன் குலையை உள்ளே அடுக்கிப் புகை போட்டு மூடினால் இரண்டாம் நாள் பொன்னாகப் பழுக்கும். பெருங்கடவிளைச் சந்தையில் விஷயம் தெரிந்து ஒருவரும் வாங்கவில்லை. களியக்காவிளைக்குக் கொண்டுபோய் விற்றேன். அங்கே நல்ல பேர்.

அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் சாகவில்லை.

ஒரு மாதம் போயிற்று. இன்னொரு மாதமும் போயிற்று. மழைக்காலத்தில் வழக்கமாக இரண்டு மூன்று பேராவது போவார்கள். ஒருவரும் போகவில்லை. முக்கில் வயசாளிகள் தெம்பாக நடந்தார்கள். கூட்டாளி காலையில் கடை திறப்பான், பெட்டிகளின் மேல் தூசி தட்டுவான், சாயங்காலம் பூட்டுவான். நடுவில் சும்மா இருக்க முடியாமல் ஸ்டூல் செய்தான். பெட்டிக்கு வைத்திருந்த பலகையில் செய்த ஸ்டூலை யார் வாங்குவார்கள்? ஓணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது என் வீட்டுக்கு வந்தான். பெட்டியைத் திறந்து பழத்தைப் பார்த்தான். ஒன்றைப் பிய்த்துத் தின்றான்.

“கொள்ளாம்,” என்றான். “திங்கக்கிழமை நெய்யாற்றங்கரைக்குப் போறேன் மக்கா. பட்டறைக்கு.”

எனக்குத் தமாஷ் வரவில்லை. வராத ஒரே நாள் அதுதான். ஒருவன் சோறு தின்ன வேண்டுமென்றால் இன்னொருவன் சாக வேண்டும் என்று வேண்டிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை. வேண்டாமல் இருக்கவும் தெரியவில்லை. அவன் குழந்தைகளுக்கு என்று ஒரு சீப்பு பழம் கொடுத்தேன். அதையும் அந்தப் பெட்டியிலிருந்துதான் எடுத்தேன்.

சனிக்கிழமை காலையில் கூட்டாளி உளிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தான். நானும் உதவிக்கு இருந்தேன். அப்போது போஸ்ட்மேன் பாட்டா கடை வாசலில் வந்து நின்றார். நாலு இடத்தில் நிற்காமல் வந்திருந்தார். என்னைக் கை காட்டி, இவன் வாங்கியது போல ஒன்று வேண்டும் என்றார். யாருக்கு என்று கூட்டாளி கேட்டான்.

“எனக்குத்தான். பின்னே யாருக்கு? இவன் பெட்டி வாங்கி வீட்டில வச்ச பிறவு இந்த ஊரில ஒருத்தனும் சாவல்ல. எனக்கு இழுப்பே இல்ல. ஊருக்கு ஒரு பெட்டியே இந்த வேலை செய்யுதுன்னா, சொந்தமா ஒண்ணு இருந்தா எப்படி இருக்கும்? அளவெடு.”

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கெட்டிருக்கும். கூட்டாளி சாக்கை அவிழ்த்து டேப்பை எடுத்தான். பாட்டா அளவு கொடுத்ததோடு விடவில்லை. உள்ளே ஏறிப் படுத்துப் பார்த்தார். தோள் இடிக்கிறது என்றார். கீல் இரும்பில் வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், பித்தளையில் போடு என்றார். கடற்கரை எங்களிடமிருந்து எத்தனையோ மைல். பித்தளையே போட்டான்.

திங்கட்கிழமை அவன் நெய்யாற்றின்கரைக்குப் போனான், பித்தளைக் கீல் வாங்க. கிறிஸ்துமஸுக்குள் எங்கள் ஊரில் ஆறு வீட்டில் பெட்டி இருந்தது. செய்து வைத்த பெட்டி ஆளைத் தேடும் என்று பயந்தவர்கள், பெட்டி வீட்டில் இருந்தால் சாவு வராது என்று வரிசையில் நின்றார்கள். துணிக்கடை முதலாளியின் தாத்தா, தாலுகா கச்சேரி குமஸ்தா, எரிக்கிற ஜாதி, பெட்டியே தேவையில்லாதவர். அவரும் கேட்டார். நமக்கு எதற்கு என்று வீட்டில் எல்லாரும் தடுத்தார்கள். எரிக்கும்போது என்னை வெளியே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாராம்.

சாவு வராமல் இருக்குமா? மறுவருஷம் வந்தது. சாயாக்கடைக்காரரைத்தான் முதலில் கொண்டுபோனது. அன்றைக்குக் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கணக்குக் கேட்ட மனிதர். பெட்டி வேண்டாம் என்று கடைசிவரைக்கும் பிடிவாதமாக இருந்தவரும் அவர்தான். ஊர் அதையும் சேர்த்துச் சொன்னது. அன்றைக்கு அவர் மகன் ரோட்டைக் கடந்து வந்தான், பெட்டியை நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனோம். அவர் பெண்டாட்டி உள்ளே அழுதது வெளியே கேட்டது. முற்றத்தில் வேறு சத்தம் இல்லை. கூட்டாளி மாட்டுத்தொழுவத்துச் சுவரில் சாய்ந்து அந்தச் சத்தமில்லாததைக் கேட்டுக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் ஒரு முற்றத்திலும் யாரும் ஆணி அடிக்கவில்லை.

போஸ்ட்மேன் பாட்டா மகள் கல்யாணம் முடித்து, பேரன் பிறந்து, அந்தப் பேரன் பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் இருந்தார். அத்தனை வருஷமும் பெட்டி அவர் கட்டிலுக்குக் கீழே சும்மாவே கிடந்தது. சும்மா கிடக்கிற சாமானைக் கண்டால் அவருடைய மருமகளுக்குப் பொறுக்காது. அந்த வருஷத்து நல்லமிளகு முழுவதையும் அதில் கொட்டி வைத்திருந்தாள், விலை ஏறட்டும் என்று. ஒரு நாள் காலையில் பாட்டா எழுந்திருக்கவில்லை. கோயில் மணி அடித்தாயிற்று, ஆள் கூடியாயிற்று. பெட்டியை வெளியே இழுத்து மூடியைத் திறந்தால் விளிம்பு வரைக்கும் மிளகு. எடுத்துக் கொட்டச் சாக்கு இல்லை. குருவானவர் அங்கி போட்டு வாசலில் வந்து நிற்கிறார். உள்ளே மிளகுத் தூசி கிளம்பி ஒருவர் தும்மினார், அடுத்தவர் தும்மினார், மருமகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஒரு மணி கீழே சிந்தினாலும்...

இருங்கள், இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கூட்டாளி கூப்பிடுகிறான். கடையில் பெட்டி ஏற்ற வேன் வந்து நிற்கிறது, மறுமுனை பிடிக்க ஆள் வரவில்லையாம். பெருங்கடவிளைக்குப் போக வேண்டிய பெட்டி. அந்த வீட்டில் காத்துக்கொண்டிருப்பார்கள்.

“எலே, எழுதிக் கிழிச்சது போதும். வாறியா, இல்ல ஒன்ன இதுக்குள்ள வச்சு ஏத்தணுமா?”

வாறேன்.